அமெரிக்காஸ் ஆர்மி 2.5 லினக்ஸில் இயங்க மறுக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

அமெரிக்கத் தரைப்படை அரசுப் பணத்தில் உருவாக்கி 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியிட்ட கணினி விளையாட்டு அமெரிக்காஸ் ஆர்மி. வெஸ்ட் பாயின்ட்டில் படையின் ஆள்வளப் பொருளியலை ஆராய்ந்துவந்த கர்னல் கேசி வார்டின்ஸ்கி முன்வைத்த யோசனையை, கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியின் மூவ்ஸ் நிறுவனம் எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சினைக் கொண்டு விளையாட்டாக வடித்தது. விண்டோஸுக்குப் பின் லினக்ஸுக்கும் மேக்குக்கும் அது வந்தது. லினக்ஸ் பக்கப் பெயர்ப்பு வேலையைச் செய்தவர், பல வணிக விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த ரயன் கார்டன். 2.5 பதிப்போடு லினக்ஸ், மேக் ஆதரவு நின்றுவிட்டது. எனவே இன்று லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டித்தரும் வைன் இல்லாமல் நேரடியாக இயக்க வேண்டுமென்றால் கையில் இருக்க வேண்டியது 2.5 மட்டுமே. இந்த வழிமுறையும் அதற்கு மட்டுமே.

பத்தாண்டுகளில் இத்திட்டத்துக்கு மொத்தம் 3 கோடியே 28 லட்சம் டாலர் செலவானதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2009-இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. செலவு மக்களுடையதாக இருந்தாலும், எஞ்சின் எபிக்கின் உடைமையாக இருந்ததால் மூலநிரல் வெளியாகவில்லை. இங்கே அரசியல் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான். மூலநிரல் இருந்திருந்தால் எவராவது 64 பிட்டுக்கு மறுதொகுப்பு செய்திருப்பார்கள். அது இல்லாததால், அன்று தொகுத்த 32 பிட் இருமக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ளவற்றை நாம்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

தொடங்குமுன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். விளையாட்டை மெனுவிலிருந்து இயக்காமல் எப்போதும் டெர்மினலிலிருந்தே இயக்குங்கள். சாளரம் சத்தமில்லாமல் மறைந்துபோகும்போது, அது ஏன் மறைந்தது என்று சொல்லும் ஒரே வரி டெர்மினலில்தான் நிற்கும். அந்த வரியைப் படிக்காமல் இணையத்தில் கிடைத்த மாற்றங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்துபார்த்து, கடைசியில் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் ஒரு வார இறுதி முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: நிறுவும் கோப்பை இயக்கினால் "டெயில்: +6 என்பதைத் திறக்க முடியவில்லை" என்பது போன்ற பிழை வருகிறது

ரன் என்ற பின்னொட்டோடு வரும் நிறுவல் கோப்பு, மேக்செல்ஃப் என்ற கருவியால் கட்டப்பட்டது. தலைப்பகுதியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். அதன் பின்னே சுருக்கிய தரவு ஒட்டியிருக்கும். தரவு எந்த வரியில் தொடங்குகிறதோ அங்கிருந்து வெட்டியெடுக்க, அக்காலத்து ஸ்கிரிப்டுகள் டெயில் கட்டளையைக் கூட்டல் குறியும் எண்ணும் சேர்த்து அழைத்தன. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதிகளான பாசிக்ஸ் தரம் 2001-இல் அந்த எழுத்துமுறையைக் கைவிட்டதால், அந்தத் தரத்தைப் பின்பற்றும் டெயில் கட்டளை "+6" என்பதை ஒரு கோப்பின் பெயர் என்று எண்ணித் தேடுகிறது. கிடைக்காமல் பிழை சொல்கிறது.

ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டியதில்லை. முன்னால் ஓர் அடிக்கோட்டோடு தொடங்கும் "பாசிக்ஸ்2 வெர்ஷன்" என்ற சூழல் மாறிக்கு 199209 என்ற மதிப்பை, நிறுவும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுத்து இயக்குங்கள். அந்த எண் 1992-ஆம் ஆண்டின் ஒன்பதாம் மாதத்தைக் குறிக்கிறது. "அந்தக் காலத்து விதிப்படி நடந்துகொள்" என்று டெயிலுக்கு நாம் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். இந்த மாறியை உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். மற்ற ஸ்கிரிப்டுகள் அதனால் தடுமாறும்.

கோப்பு விரிந்த பிறகு அனுமதி மறுப்பு என்று நின்றால், தற்காலிகக் கோப்புறை, நிரல்களை இயக்கவிடாத நோஎக்செக் தெரிவோடு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்காகச் சில கணினிகளில் அப்படி அமைத்திருப்பார்கள். மேக்செல்ஃபுக்கு டார்கெட் என்ற தெரிவைக் கொடுத்து வீட்டுக் கோப்புறைக்குள் விரித்தால் இந்தச் சிக்கல் தீரும்.

அறிகுறி: "இந்த நிறுவல் லினக்ஸ் எக்ஸ்86 64-இல் ஜிலிப்சி 2.1-ஐ ஆதரிக்கவில்லை" என்ற செய்தி

இது, அக்கால லினக்ஸ் விளையாட்டுகளோடு வந்த லோகி நிறுவியின் பழைய புலம்பல். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் எந்தக் குறையும் இல்லை. நிறுவி உங்கள் செயலியின் வகையைக் கேட்கிறது. 64 பிட் என்று பதில் வருகிறது. அந்தப் பெயரில் தன்னிடம் எதுவும் இல்லை என்பதைச் சுற்றி வளைத்து இப்படிச் சொல்கிறது. லினக்ஸ்32 என்ற கட்டளையை முன்னால் போட்டு நிறுவியை இயக்கினால், கெர்னல் தன்னை 32 பிட் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். நிறுவி அதை நம்பிவிடும். வரைகலைச் சாளரம் திறக்காமல் டெர்மினலிலேயே கேள்விகள் கேட்டால் கவலைப்படாதீர்கள். அந்தச் சாளரத்துக்கு ஜிடிகே என்ற வரைகலை லைப்ரரியின் முதல் பதிப்பு தேவை, அது இப்போது எவரிடமும் இல்லை. எழுத்துமுறை நிறுவலே போதும்.

நிறுவும் இடத்தைக் கேட்கும்போது உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். அதற்கான காரணம் பங்க்பஸ்டர் பகுதியில் வரும்.

அறிகுறி: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று ஷெல் சொல்கிறது

புதியவர்களை மிக அதிகமாகக் குழப்புவது இந்தச் செய்திதான். பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள், அனுமதியை மாற்றிப் பார்ப்பார்கள், பதிவிறக்கம் கெட்டுவிட்டதோ என்று மீண்டும் இறக்குவார்கள். உண்மையில் இல்லாமற்போனது நீங்கள் அழைத்த கோப்பு அல்ல. அதை நினைவகத்தில் ஏற்றித் தரும் 32 பிட் ஏற்றி. ஒவ்வொரு இருமக் கோப்பும் தன்னை ஏற்ற வேண்டிய ஏற்றியின் முகவரியைத் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. 64 பிட் மட்டும் நிறுவிய கணினியில் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. கெர்னல் "இல்லை" என்று சொல்வது அதைப் பற்றித்தான்.

ஃபைல் கட்டளையை அந்த இருமக் கோப்பின்மேல் ஏவிப் பாருங்கள். "32 பிட்" என்றும், "இன்டர்ப்ரெட்டர்" என்ற சொல்லுக்குப் பின்னே ஏற்றியின் முகவரியும் ஒரே வரியில் கிடைக்கும். அதன்பின், டெபியன் வழி வந்த வழங்கல்களில் டிபிகேஜி கருவியிடம் ஐ386 கட்டமைப்பைச் சேர்க்கச் சொல்லி, பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6 பொதியின் ஐ386 வடிவத்தை நிறுவுங்கள். ஆர்ச்சில் மல்டிலிப் களஞ்சியத்தைத் திறந்துவிட வேண்டும். ஃபெடோராவில் பொதிப் பெயருக்குப் பின்னே ஐ686 என்று சேர்த்தால் போதும். உபுண்டு 2019 ஜூனில் 32 பிட் பொதிகளை அடியோடு நிறுத்தப்போவதாக அறிவித்து, விளையாட்டாளர்களின் எதிர்ப்பைப் பார்த்து ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. அப்போது தப்பியது தேர்ந்தெடுத்த சில பொதிகள் மட்டும்தான் என்பதால், உபுண்டுவில் ஏதாவது ஒரு 32 பிட் பொதி கிடைக்காமற்போனால் வியப்படைய வேண்டாம்.

அறிகுறி: "லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.5 திறக்கவில்லை"

சி++ மொழியின் அடிப்படை லைப்ரரி, ஜிசிசி 3.4 வந்தபோது ஐந்திலிருந்து ஆறுக்கு மாறியது. அதற்கு முந்தைய தொகுப்பி உருவாக்கிய நிரல்கள் ஐந்தைத்தான் கேட்கும். இங்கே ஒரு தவறான குறுக்குவழியைப் பலர் சொல்லித் தருகிறார்கள்: ஆறாம் எண் கோப்புக்கு ஐந்தாம் எண் பெயரில் ஒரு குறியிணைப்பு (சிம்லிங்க்) போட்டுவிடு என்பார்கள். போடாதீர்கள். எண் மாறியதே இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதற்காகத்தான்; தொடக்கத்தில் ஏமாந்ததுபோல் இருந்துவிட்டு நடுவில் நிரல் விழும். உங்கள் வழங்கலின் பழைய பொதிக் காப்பகத்தில் லிப்எஸ்டிடிசி++5 பொதியின் 32 பிட் வடிவத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள லைப்ரரிக் கோப்பை மட்டும் பிரித்து விளையாட்டின் சிஸ்டம் கோப்புறைக்குள் வைத்துவிட்டு, எல்டி லைப்ரரி பாத் மாறியில் அந்தக் கோப்புறையைச் சேர்த்து இயக்குங்கள். கணினியின் பொது லைப்ரரிகளோடு அது கலக்காமல் இருப்பதே நல்லது.

வேறெந்த லைப்ரரி குறைகிறது என்று பார்க்க எல்டிடி கட்டளை உதவும். ஆனால் அதை முழுவதும் நம்ப வேண்டாம். தொடங்கும்போதே தேவைப்படும் லைப்ரரிகளை மட்டும் அது காட்டும். ஓடத் தொடங்கிய பிறகு நிரல் தானாக அழைத்துக்கொள்ளும் லைப்ரரிகள் அதன் கண்ணில் படா. ஒலி, எஸ்டிஎல் (சாளரத்தையும் எலியையும் கையாளும் லைப்ரரி) ஆகிய இரண்டு பகுதிகளிலும் நம்மைக் கவிழ்ப்பது இதுதான்.

அறிகுறி: சாளரம் ஒரு நொடி மின்னி மறைகிறது, டெர்மினலில் ஓபன்ஜிஎல் அல்லது எஸ்3டிசி பற்றிய செய்தி

அன்ரியல் எஞ்சினின் இரண்டாம் தலைமுறை, மேற்பரப்புப் படங்களை எஸ்3டிசி என்ற சுருக்க முறையில் வைத்திருக்கும். அம்முறை காப்புரிமைக்கு உட்பட்டிருந்ததால், மீசா என்ற திறமூல வரைகலை டிரைவர்களில் அது நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. 2017 அக்டோபரில் காப்புரிமை காலாவதியானது, மீசா 17.3-இலிருந்து அது இயல்பாகவே கிடைக்கிறது. ஆக, இன்றைய கணினியில் இந்தச் செய்தி வந்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும்: உங்களிடம் 64 பிட் டிரைவர் இருக்கிறது, 32 பிட் டிரைவர் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க, டிரைவரின் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டினால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். ஏனெனில் அதுவும் 64 பிட் நிரல். இந்த விளையாட்டின் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்க வேண்டுமானால் அதன் 32 பிட் வடிவத்தை ஓட்ட வேண்டும். ஏஎம்டி, இன்டெல் வைத்திருப்பவர்கள் மீசாவின் 32 பிட் டிஆர்ஐ பொதியை நிறுவினால் முடிந்தது. என்விடியா வைத்திருப்பவர்கள் 32 பிட் ஜிஎல் பொதியின் பதிப்பு எண், கெர்னல் தொகுதியின் பதிப்பு எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்; ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டு மற்றொன்று பின்தங்கினால் 64 பிட் நிரல்கள் ஓடும், இது மட்டும் ஓடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொடக்கத்திலேயே செக்மென்டேஷன் பிழையோடு விழுந்தால், பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவான இன்னொரு காரணத்தைச் சோதியுங்கள். டிரைவர், முப்பரிமாண வரைகலை முறையான ஓபன்ஜிஎல்லின் நீட்சிகளின் பெயர்களையெல்லாம் ஒரே நீண்ட சரமாகத் தரும். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சரம் சிறியது. அதற்கேற்ற சிறிய இடத்தை ஒதுக்கிவைத்த நிரல்கள் இன்றைய சரத்தின் நீளத்தைத் தாங்காமல் விழுகின்றன. மீசாவில், நீட்சிகளை ஆண்டு வாரியாக வெட்டும் "மீசா எக்ஸ்டென்ஷன் மேக்ஸ் இயர்" என்ற சூழல் மாறிக்கு 2005 என்று கொடுத்து இயக்கிப் பாருங்கள்.

அறிகுறி: படம் வருகிறது, ஒலி வரவில்லை, அல்லது ஒலி தொடங்கும் இடத்தில் நிரல் உறைந்துவிடுகிறது

மற்ற விளையாட்டுகளில் ஒலி இல்லாமல் ஒருவாறு சமாளிக்கலாம். இதில் முடியாது. மருத்துவ உதவியாளர் பணிக்குத் தகுதி பெற வேண்டுமென்றால், விளையாட்டுக்குள் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து, மூச்சுப்பாதை, குருதிப்போக்கு, அதிர்ச்சி நிலை பற்றிய பயிற்றுநரின் விரிவுரையைக் கேட்டுவிட்டுத் தேர்வெழுத வேண்டும். ஒலி இல்லையென்றால் ஊமைப் பயிற்றுநரைப் பார்த்துக்கொண்டு ஊகத்தில்தான் விடை குறிக்க வேண்டியிருக்கும். நான் முதன்முறை அப்படித்தான் எழுதித் தோற்றேன்.

விளையாட்டோடு வரும் ஓபன்ஏஎல் என்ற ஒலி லைப்ரரிக் கோப்பு, ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி முறையின் டிஎஸ்பி சாதனத்தைத் தேடும் காலத்தைச் சேர்ந்தது. இன்றைய வழங்கல்களில் அந்தச் சாதனக் கோப்பே உருவாவதில்லை. தீர்வு: ஓபன்ஏஎல் சாஃப்ட் பொதியின் 32 பிட் வடிவத்தை நிறுவுங்கள், விளையாட்டின் சிஸ்டம் கோப்புறையில் இருக்கும் ஓபன்ஏஎல் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவையுங்கள், அதன் பழைய பெயரிலேயே, புதிய 32 பிட் லைப்ரரியை நோக்கி ஒரு குறியிணைப்பு போடுங்கள். முந்தைய பகுதியில் குறியிணைப்பு வேண்டாம் என்றவன் இங்கே போடச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஓபன்ஏஎல்லின் அழைப்புமுறை சி மொழியில் நிலையாக இருக்கிறது. அங்கே பொருந்தாதது இங்கே பொருந்துகிறது.

ஓபன்ஏஎல் சாஃப்ட் தன்பங்குக்கு 32 பிட் பல்ஸ் அல்லது அல்சா ஒலி லைப்ரரியைக் கேட்கும். புதிய ஒலிச் சேவையான பைப்வயர் ஓடும் கணினியிலும் 32 பிட் லிப்பல்ஸ் இருந்தால் போதும். பைப்வயரின் பல்ஸ் வாயில் அதை ஏற்றுக்கொள்ளும். எல்டிடி இவற்றில் எதையும் காட்டாது என்பதால், ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல் ஒரே முறையில் நிறுவிவிடுவது நல்லது.

அறிகுறி: எலி (மவுஸ்) ஒரு பக்கமாகவே சுழல்கிறது, அல்லது திரையின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது

இங்கே குற்றவாளி, விளையாட்டோடு வந்த பழைய எஸ்டிஎல் 1.2. திரையைக் கையாளும் பழைய எக்ஸ் சர்வரோடு (எக்ஸ்11) நேராகப் பேசப் பழகிய அந்த லைப்ரரியால், அதன் இடத்துக்கு வந்த வேலேண்டின் மேல் ஓடும் எக்ஸ்வேலேண்டில் எலியைச் சரியாகப் பிடித்துவைக்க முடிவதில்லை. உங்கள் வழங்கலில் எக்ஸ்11 அமர்வு இன்னும் கிடைத்தால் முதலில் அதில் நுழைந்து பாருங்கள். அங்கும் எலி துள்ளினால், "எஸ்டிஎல் வீடியோ எக்ஸ்11 டிஜிஏமவுஸ்" என்ற மாறிக்கு 0 கொடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, அந்த எஸ்டிஎல் கோப்பை எஸ்டிஎல்12 காம்பாட் லைப்ரரியால் மாற்றுவது. பழைய 1.2 அழைப்புகளை எஸ்டிஎல் 2-க்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் அந்த லைப்ரரியின் பின்னால் இருப்பவரும் ரயன் கார்டன்தான். அன்று அவர் விட்டுச்சென்ற இருமக் கோப்பை இன்று ஓட வைப்பது அவருடைய பிற்கால வேலை என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் கவனம்: எஸ்டிஎல்12 காம்பாட், எஸ்டிஎல் 2-ஐ ஓடும்போதுதான் அழைக்கிறது. புதிய வழங்கல்களில் அந்த எஸ்டிஎல் 2-ம் எஸ்டிஎல் 3-ஐ அழைக்கும் ஒரு காம்பாட் லைப்ரரியாக இருக்கலாம். சங்கிலியில் உள்ள மூன்றுமே 32 பிட் வடிவில் இருக்க வேண்டும். ஒரு கண்ணி விடுபட்டாலும் நிரல் தொடங்காது.

விளையாட்டு நடுவில் விழுந்த பிறகு டெஸ்க்டாப் வெளுத்துப்போய் நின்றால், எக்ஸ்காமா கட்டளைக்கு 1 என்று கொடுத்தால் பழைய நிறம் திரும்பும். தெளிவுத்திறன் மாறியே நின்றுவிட்டால் எக்ஸ்ராண்டர் சரிசெய்யும். அடிக்கடி இப்படி நடந்தால், வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் மறைவான கோப்புறையில் விளையாட்டின் ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, எஸ்டிஎல் கிளையன்ட் பிரிவில் "ஸ்டார்ட்அப் ஃபுல்ஸ்கிரீன்" என்பதை ஃபால்ஸ் ஆக்கிச் சாளரத்துக்குள்ளேயே ஓட்டுங்கள்.

அறிகுறி: பிழை போலத் தெரியும், பிழையல்லாதவை

பயிற்சித் திடலில் சுட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று காட்சி மாறி, நீங்கள் ஒரு சிறை அறைக்குள் நிற்கலாம். வரைபடம் தவறாக ஏறிவிட்டதென்று எண்ணி மறுநிறுவல் செய்ய வேண்டாம். நீங்கள் பயிற்றுநரையோ சக வீரரையோ சுட்டிருக்கிறீர்கள். அது கான்சஸ் மாநிலத்திலுள்ள லெவன்வொர்த் கோட்டைச் சிறையை நினைவூட்டும் அறை. விதி மீறுவோருக்கு விளையாட்டு தரும் தண்டனை அது.

இணைய ஆட்டத்தில் இரு அணியினருமே தங்களை அமெரிக்க வீரர்களாகத்தான் காண்பார்கள். உங்கள் கையில் எம்16 ஆகத் தெரியும் துப்பாக்கி, எதிரணியின் திரையில் ஏகே-47 ஆகத் தெரியும். நண்பர்கள் இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எதிரெதிர் அணிகளில் ஆடினால், ஒருவர் திரையில் இருக்கும் உருவம் மற்றவர் திரையில் வேறாக இருப்பதைப் பார்த்து டிரைவர் கோளாறு என்று முடிவுகட்டக்கூடும். எவரும் அமெரிக்கப் படைக்கு எதிரான பாத்திரத்தில் ஆடக்கூடாது என்பதற்காகப் படையே கேட்டுவாங்கிய ஏற்பாடு இது. எந்த டிரைவரும் இதை மாற்றாது.

அறிகுறி: சர்வர் பட்டியல் காலியாக இருக்கிறது; உள்நுழைவு முடிவதே இல்லை

இதற்கு உங்கள் கணினியில் தீர்வு தேடாதீர்கள். விளையாட்டுச் சர்வர்களைப் பட்டியலிட்டுத் தந்த கேம்ஸ்பையின் சேவைகள் 2014 மே 31 அன்று நின்றன. படை நடத்திவந்த கடைசிச் சேவைகளும் 2022 மே 5 அன்று மூடப்பட்டன. பழைய உள்நுழைவுச் சர்வர் எங்கும் இல்லை. தீச்சுவரைத் திறந்தாலும் திசைவியை மாற்றினாலும் அது எழுந்து வராது. 2.5-ஐ உயிரோடு வைத்திருக்கும் ரசிகர் குழுவின் மாற்று உள்நுழைவைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் வீட்டு வலையமைப்புக்குள் ஆடலாம்.

அறிகுறி: சில நிமிடங்களில் பங்க்பஸ்டர் வெளியேற்றுகிறது

ஏமாற்று நிரல்களைக் கண்டுபிடிக்கும் பங்க்பஸ்டர், தன் கோப்புகளைத் தானே புதுப்பித்து எழுதிக்கொள்ளும் பழக்கமுடையது. விளையாட்டை ரூட் பயனராக நிறுவி, சாதாரணப் பயனராக ஓட்டினால், எழுத அனுமதியில்லாமல் அது பழைய பதிப்பிலேயே நிற்கும். சர்வர் பொறுமையிழந்து உங்களை வெளியே தள்ளும். வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவச் சொன்னது இதற்காகத்தான். ஏற்கெனவே வேறிடத்தில் நிறுவியிருந்தால், கோப்புறையின் உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விளையாட்டையே ரூட்டாக ஓட்டுவது சுலபமான வழியாகத் தோன்றும். 2006-க்குப் பின் எந்தத் திருத்தமும் காணாத, வலையோடு பேசும் ஒரு மூடிய நிரலுக்கு அந்த அதிகாரத்தை நான் தரமாட்டேன்.

அறிகுறி: வீட்டிலேயே சர்வர் நடத்தினால் அது எழவில்லை, அல்லது மற்றவர்களுக்குத் தெரியவில்லை

விளையாட்டு இயல்பாகப் பயன்படுத்துவது வலையமைப்பின் யுடிபி வாயில் எண் (போர்ட்) 1716-ஐயும் அதையடுத்த இரண்டு எண்களையும். தீச்சுவரில் அவற்றைத் திறந்துவிட்டும் சர்வர் எழவில்லையென்றால், உங்கள் டெஸ்க்டாப் கேடிஇ தானா என்று பாருங்கள். கைபேசியைக் கணினியோடு இணைக்கும் கேடிஇ கனெக்ட் 1714 முதல் 1764 வரையிலான எண்களைத் தனக்கென வைத்திருக்கிறது. அது காது கொடுத்துக் காத்திருப்பது சரியாக 1716-இல். எஸ்எஸ் கட்டளையால் அந்த எண்ணை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் "கேடிஇ கனெக்ட்டி" என்ற பெயர் நிற்கும். ஆட்டம் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள், அல்லது சர்வரை 1764-க்கு மேற்பட்ட ஓர் எண்ணில் தொடங்கி, நண்பர்களிடம் அந்த எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.